நான் அழித்த ஏழாம் கேள்வி

புதுநன்மை விருந்தில் இலை போட்டுக் கோழி பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, வீட்டு வாசலிலேயே துணிப்பந்தல். எனக்கு எதிர்வரிசையில் லூர்தம்மா உட்கார்ந்திருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் எங்கள் மருத்துவமனையில் இடது தோள்மூட்டை மாற்றிக்கொண்டவர். அவருக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் நான். பேத்தி கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய இந்தப் புதுநன்மைக்கு என்னை உரிமையோடு அழைத்தவரும் அவர்தான்.

பந்தியில் எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். லூர்தம்மா மட்டும் ஸ்பூனால் சாப்பிட்டார். ஸ்பூன் இருந்தது வலது கையில். நாங்கள் தொடவே தொடாத கை அது. அந்தக் கைக்கு என்ன வந்தது?

நான் பார்ப்பதை அவருடைய மருமகள் சுகந்தி பார்த்துவிட்டாள். "இன்னா மேடம் அப்படிப் பாக்கறீங்க? ஆபரேஷன் பண்ணதுலேந்து எங்க அத்த சொல்தா வூட்டு மதாம் ஆயிட்டாங்க. ஸ்பூன் இல்லாம சோறு எறங்காது. பிரான்சுலேந்து பென்ஷன் வர்றதுதான் பாக்கி."

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் எங்களுடையது; அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர் வீடு சொல்தா வீடு, அந்த வீட்டம்மா மதாம். பந்தியே சிரித்தது. லூர்தம்மாவும் சிரித்தார். சிரித்தபடியே ஒரு கோழித்துண்டை இலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஸ்பூனால் துரத்தினார். அது மாட்டவில்லை. விட்டுவிட்டார். அப்போதுதான் அவர் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று கவனித்தேன். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது.

அந்த நொடியில் எனக்கு உறைத்தது. வலது கையால் சோற்றைத் தொடமாட்டேன் என்கிறார் என்றால், இடது கை செய்யவேண்டிய வேலை வலது கைக்கு வந்துவிட்டது. காலைக்கடன் முடித்துக் கழுவுகிற வேலை. இடது கை பின்னால் போகவில்லை. ஒன்றரை வருடமாகப் போகவில்லை. அளவெடுத்து எழுதிய எனக்கு, அது எந்த வேலையை நிறுத்தியது என்று தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்கவேண்டிய ஒரே கேள்வியை அழித்தது நான்தான்.

முப்பத்திரண்டு வயதில் "என் பணிக்காலம்" என்று எழுத உட்காருவது கேலியாகத்தான் தெரியும். தெரியட்டும். ஒன்பது வருடம் ஒரே துறையில் வேலை பார்த்து, மூன்று மாதத்துக்கு முன் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள், "அக்கா, சார்கூடச் சண்டையாமே? என்னதான் ஆச்சு?" என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். ஆளுக்கொரு கதை உலவுவதைவிட நானே எழுதிவிடுவது மேல் என்றுதான் இது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாலரை வருடம் எலும்பு, தசை, நரம்பு என்று மனப்பாடம் செய்தேன். எல்லாவற்றிலும் முதல் ஆளாகக் கை தூக்கும் ரகம் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, தோள் அறுவை செய்பவர்களின் பயிற்சிப் பொறுப்பை எனக்குக் கொடுங்கள் என்று போய் நின்றேன். கொடுத்தார்கள்.

எங்கள் தலைமை மருத்துவரை எல்லோரும் 'சார்' என்றே சொல்வோம். அவரைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தில் அவரைப்போல் தோள் அறுவை செய்தவர்களை நான் பார்த்ததில்லை. வழக்கமான தோளில் குழி மார்புப் பக்கம் இருக்கும், பந்து கைப்பக்கம் இருக்கும். தூக்கும் தசைநார்கள் முழுக்கக் கிழிந்துபோனவர்களுக்கு அதை அப்படியே மாற்றி வைப்பார்கள். பந்து குழியின் இடத்துக்குப் போகும், கிண்ணம் கைக்கு வரும். கை மேலே போய்விடும். ஆனால் சிலருக்குத் தூக்கிய கையை வெளிப்பக்கம் திருப்ப முடியாது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் முழங்கை காதுவரை ஏறும், டம்ளர் சாயும், காபி சட்டையில் கொட்டும். அவர்களுக்கு சார் முதுகிலிருந்து வரும் ஒரு பெரிய தசையின் நாரை அறுத்து, கையெலும்பின் முன்பக்கத்திலிருந்து எடுத்து, வெளிப்பக்கமாகச் சுற்றிக் கட்டுவார். உள்ளே திருப்பிக்கொண்டிருந்த தசை அன்றுமுதல் வெளியே திருப்பக் கற்றுக்கொள்ளவேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை.

நான் முதலில் பயிற்சி கொடுத்தவர் ஒரு முன்னாள் மில் தொழிலாளி. ஆறு வாரம் கையைப் பக்கவாட்டுத் தாங்கியில் வைத்திருந்து, பிறகு நாலு மாதம் பயிற்சி. ஒருநாள் என் மேசையிலிருந்த டம்ளரை எடுத்து, முழங்கையை உயர்த்தாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டு, "உன் காபிய குடிச்சுட்டேன், கோச்சுக்காத" என்றார். அன்று நான் துறை முழுக்க ஓடிச் சொன்னேன். இந்த அறுவையை நான் இன்றும் குறை சொல்லவில்லை.

சார் நோயாளியின் பெயர் சொல்லமாட்டார். "அந்த ரைட் ஷோல்டர் வந்தாச்சா?" என்பார். பேசுவதெல்லாம் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத்தான். நோயாளி கேள்வி கேட்டால், பதிலை எங்களிடம் சொல்வார். நாங்கள் அவர்களிடம் சொல்லவேண்டும், அவர்கள் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள் என்றாலும். ஆனால் அளவெடுப்பதில் கறார். கோணமானியை வைத்து மூன்று தடவை அளக்கச் சொல்வார். மூன்றில் எது குறைவோ அதைத்தான் எழுதவேண்டும். "கூட்டி எழுதினா எனக்குத்தான் அசிங்கம்" என்பார். அந்த நேர்மை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எண்ணைத் திருத்தாத மனிதர் எதையும் மறைக்கமாட்டார் என்று நம்பினேன். எவ்வளவு முட்டாள்தனம்.

சார் இந்த அறுவையின் பலன்களைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார். அதற்கு வெளிநாட்டில் புழங்கும் ஒரு கேள்விப் படிவத்தைத் தமிழில் போடவேண்டும். சார் சொல்லி முடிக்கும்முன் நான் கை தூக்கினேன். பத்துக் கேள்வி. தலை சீவ முடிகிறதா, உயரமான அலமாரியிலிருந்து சாமான் எடுக்க முடிகிறதா, அந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்க முடிகிறதா. ஏழாவது கேள்வி கழிப்பறை சம்பந்தப்பட்டது. அங்கே காகிதம் வைத்துத் துடைப்பார்கள், எந்தக் கையானாலும் ஒன்றுதான். இங்கே அப்படியில்லையே என்று யோசித்து, "மலம் கழித்தபின் வழக்கமான கையால் நீங்களே கழுவிக்கொள்ள முடிகிறதா?" என்று டைப் அடித்தேன். சரியாகத்தான் அடித்திருக்கிறேன்! முதல் தடவையே!

சார் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இத நீயா டைப் அடிச்ச?"

"ஆமா சார்."

"பொம்பளப்புள்ள. கூசல?" அறையில் பயிற்சி மருத்துவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவன் தொண்டையைச் செருமினான், சிரிப்பை மறைக்க. "வார்டுல வயசானவங்க இருப்பாங்க, பக்கத்து பெட்ல ஆள் இருக்கும், இதப்போய் சத்தமா கேப்பியா? எடுத்துடு. வேற எதாவது நல்லதா போடு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் சார்மேல் இல்லை, என்மேலேயே. ஏதோ ஆபாசமாக எழுதிவிட்டவள்போல ஓடிப்போய் அழித்தேன். அந்த இடத்தில், "இரு கைகளையும் குவித்துச் சாமி கும்பிட முடிகிறதா?" என்று போட்டேன். சார் "வெரி நைஸ்" என்றார். அந்தப் பாராட்டை வீட்டில்போய்ச் சொல்லவும் செய்தேன்.

லூர்தம்மா எங்களிடம் வந்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் இருபது வருடத்துக்கு மேல் சமையல் வேலை. ஒருநாள் பஸ் கிளம்பும்போது இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கி, தோள் நார் கிழிந்தது. எண்ணெய், கட்டு என்று பல வருடம் ஓட்டிவிட்டார். எங்களிடம் வந்தபோது கை இடுப்புக்குமேல் ஏறவில்லை. வலியில் தூக்கமில்லை.

அறுவைக்கு முன் அளவெடுத்தேன். கை பின்னால் எதுவரை போகிறது என்பதைக் கட்டைவிரல் முதுகில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்து எழுதுவோம். 'இடுப்புவரை' என்று எழுதினேன். என் கையெழுத்து இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. தூக்க முடியாத அந்தக் கை, பின்னால் போய்க்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதை நிறுத்தினோம். பின்னால் இழுக்கும் தசையைத்தானே வெளிப்பக்கம் திருப்பிக் கட்டுகிறோம்? கை பின்னால் போகிற அளவு குறையத்தான் செய்யும். அது எங்களுக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னார்கள்? கையெழுத்து வாங்கிய தாளில் எங்கோ இருக்கும்.

இன்னொன்றும் செய்தோம். இந்த மூட்டு வைத்தவர்கள் முதல் மூன்று மாதம் கையைப் பின்னால் கொண்டுபோனால் மூட்டு நழுவிவிடும் ஆபத்து உண்டு. அதனால் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுப்போம். அதில் சிவப்பு மையில் பெரிதாக, "கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது" என்று அச்சடித்திருக்கும். எத்தனை மாதத்துக்கு என்று அச்சடித்திருக்காது. மூன்று மாதம் கழித்து நாங்கள் வாயால் சொல்லவேண்டும். நாங்கள் என்றால், நான்.

மூன்றாம் மாதம் லூர்தம்மாவின் கை தலைக்குமேல் போனது. வெளிப்பக்கம் அழகாகத் திரும்பியது. நான் துள்ளினேன். சார் கைப்பேசியில் படம் எடுத்தார். "கையைத் தூக்கச் சொல்லு. சிரிக்கச் சொல்லு." நான் சொன்னேன். லூர்தம்மா தூக்கினார், சிரித்தார். அந்தக் கலகலப்பில் சிவப்பு எழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மறந்தே போனது.

அன்று போகும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "பாப்பா, கை பின்னால மட்டும் போவ மாட்டேங்குதே?"

"மேல போவுது பாருங்கம்மா, அதப் பாத்து சந்தோஷப்படுவீங்களா!" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம் என்று படிவத்தை நிரப்பினோம், அளவும் எடுத்தோம். சாமி கும்பிட முடிகிறதா? முடிகிறது. கட்டைவிரல் பின்னால் எதுவரை? தொடைப் பக்கம்வரைதான். அதற்கு மார்க் பூஜ்யம். ஆனால் நூற்றுக்குப் பத்து மார்க்தானே அதற்கு? மற்றதிலெல்லாம் அள்ளிவிட்டார். மொத்தத்தில் 'மிக நன்று'. அவருடைய படம் பெரிதாகி எங்கள் தாழ்வாரச் சுவரில் ஏறியது. கையைத் தூக்கிச் சிரிக்கும் லூர்தம்மா. புதிதாக வருகிறவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டித்தான் அறுவைக்குச் சம்மதம் வாங்கினோம்.

புதுநன்மை விருந்துக்கு மறுநாள் மதியம், வீட்டில் யாருமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். நேராகக் கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தக் கையாலதான் கழுவறேன். அதே கையால எப்படிப் பாப்பா சோத்த பெசையறது? சோப்பு போட்டுத்தான் கழுவறேன், இருந்தும் மனசு ஒப்பல. புள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட முடியல. கல்யாணம் காச்சின்னா போறதில்ல. மதாம்னு சிரிக்கறாங்க. சிரிக்கட்டும், உண்மைய சொல்றதுக்கு அது தேவல."

"சுகந்திகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சமைக்க வுடுவாளா? நான் கேண்டீன்ல முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவ."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மடிப்பு கலையாமல் அந்தச் சிவப்பு எழுத்துத் தாள். "கூடாதுன்னு போட்டுக்கீது. அதான் முயற்சிகூடப் பண்ணல."

"அம்மா, அது மூணு மாசத்துக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். அதற்குமுன் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"மூணு மாசமா? ஒன்ற வருஷம் ஆவுது! ஏம் பாப்பா, சாமி கும்புட முடியுதான்னு மூணு தடவ கேட்டியே. நான் எப்படிக் கும்புட்டா சாமிக்கு இன்னா? இத ஒரு தடவ கேக்கக்கூடாதா? நீயும் பொம்பளதான?"

அந்தத் தாளை மடித்து உறைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் சாரிடம் போனேன். சுவரில் எக்ஸ்ரே எரிந்துகொண்டிருந்தது. சொன்னேன். எக்ஸ்ரேயைப் பார்த்தபடி கேட்டார்.

"ஸ்கோர் என்ன?"

"மிக நன்று சார். ஆனா அவங்க கையால சாப்பிடறதே இல்ல."

"நான் தோளுக்கு ஆபரேஷன் பண்ணேன். சாப்பாட்டுக்கு இல்ல."

"சார், அந்த ஏழாவது கேள்விய திரும்பப் போடலாம். இடது தோள் பண்ணவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டுடறேன். ஒரு வாரம் போதும்."

"கட்டுரை அனுப்பியாச்சு. இப்ப கேள்விய மாத்துனா மொத்தமும் போச்சு. மூணு தடவ அளந்து குறைஞ்சத எழுதற ஆள் நான். எதுல பொய் இருக்கு, காட்டு."

காட்ட முடியவில்லை. எந்த எண்ணிலும் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்! கோணம் சரி, மார்க் சரி, படம் சரி, சிரிப்புகூட நாங்கள் சொல்லி வந்ததுதான் என்றாலும் சரி. மனுஷி மட்டும் பந்தியில் கையால் சாப்பிட முடியாமல் இருக்கிறாள். வெள்ளைக்காரன் அந்தக் கேள்வியை வெட்கப்படாமல் கேட்டிருக்கிறான். தண்ணீர் விட்டுக் கழுவுகிற நாம், நமக்கு இன்னும் முக்கியமான அதே கேள்வியைக் கூசிக்கொண்டு எடுத்துவிட்டு, சாமியை அங்கே உட்காரவைத்தோம். யாருடைய மானத்தைக் காப்பாற்ற? லூர்தம்மாவின் மானத்தையா? வார்டில் நின்ற எங்கள் மானத்தை.

அனுமதி இல்லாமலே சிலரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒரு கொத்தனார், "வீட்டுக்காரிதான் கழுவி வுடறா. கேக்கவே ஆளில்லியேம்மா" என்று குரல் உடைந்து சொன்னார். இன்னொருவர் பழகிக்கொண்டேன், பிரச்சினை இல்லை என்றார். ஒரு அம்மா கேள்வியைக் கேட்டதுமே வைத்துவிட்டார். அரைமணி கழித்து அவரே கூப்பிட்டு, "இப்ப பக்கத்துல யாரும் இல்ல, கேளும்மா" என்றார். விஷயம் சாருக்குப் போனது. சுவரிலிருந்து அந்தப் படத்தையாவது எடுங்கள் என்றேன். எடுக்கமாட்டேன் என்றார். மறுநாள் எழுதிக்கொடுத்துவிட்டேன். ஒன்பது வருடம், ஒரு பக்கம்.

கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார எனக்குத் தெரியாது. லூர்தம்மாவின் எக்ஸ்ரே படங்களை எடுத்துக்கொண்டு, பெரிய மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மருத்துவர் தொட்டுப் பார்த்து, மூட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறது, பளு இல்லாமல், கையைப் பின்னால் ஊன்றி எழாமல், மெதுவாகப் பழகலாம் என்றார். முழுக்கத் திரும்பாது என்பதையும் லூர்தம்மாவிடமே நேராகச் சொன்னார். "தசைய எடத்த மாத்திட்டாங்க. பழையபடி இடுப்புவரைக்கும் போகாதும்மா. ஆனா உங்களுக்கு வேண்டிய எடம் அதுக்குக் கீழதான?" லூர்தம்மா அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார், யாரும் சொல்லாமல்.

இப்போது வாரம் மூன்று மதியம் அவர் வீட்டுக்குப் போகிறேன். நானே யோசித்த முறை ஒன்று உண்டு. ஒரு பழைய பாவாடையைப் புடவைமேலேயே கட்டிவிட்டு, பின்பக்கம் நடுவில் சாக்பீஸ் தூளை உள்ளங்கை அளவு பூசுவேன். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, உடம்பை வலப்பக்கம் சாய்த்து, இடது இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, இடது கையால் அந்தத் தூளைத் துடைக்கவேண்டும். அதே வேலையைக் கால்களுக்கு நடுவே முன்பக்கமாகக் கை விட்டும் செய்யவேண்டும். எவ்வளவு தூள் போயிருக்கிறது என்று பாவாடையை விரித்துப் பார்ப்போம். முதல் வாரம் ஓரத்தில் இரண்டு கோடு. போன வாரம் பாதிக்குமேல். "இன்னா பாப்பா, இதுக்கு எத்தன மார்க்?" என்று கிண்டல் வேறு.

புதிய படிவம் ஒன்றையும் எழுதி முடித்திருக்கிறேன். முதல் கேள்வியை லூர்தம்மாதான் சொல்லச் சொல்ல எழுதினேன்: "எந்தக் கையால் கழுவுவீர்கள்? அந்தக் கைக்கா ஆபரேஷன்?" இதை அறுவைக்குப் பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை. முன்பே கேட்கவேண்டும். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கவேண்டும். துறையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் சார் ஒத்துக்கொள்ளாவிட்டால் படிவத்தில் போடவேண்டாம். வாயால் கேளுங்கள். கூச்சமாக இருந்தால், எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது, அது யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தாளில் 'மூன்று மாதம்' என்று உங்கள் பேனாவால் எழுதிக் கொடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நேற்றுப் பயிற்சி முடிந்து பாவாடையை உதறிக்கொண்டே லூர்தம்மா சொன்னார்: "தூளெல்லாம் போதும் பாப்பா. வியாழக்கெழம விடியறதுக்கு முன்னாடியே சுகந்தி அவங்க அம்மா வூட்டுக்குப் போறா. வூட்ல யாரும் இருக்கமாட்டாங்க. அன்னிக்குக் காலையில நெசமாவே பாத்துடலாம். நீ வெளிய நில்லு. நான் கூப்ட்டாதான் வரணும், இன்னா?"

"வழுக்கினா?"

"முக்காலிய கக்கூஸ் செவுத்தோட சாத்திப் போடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

இன்று மதியம் முக்காலியின் கால்களுக்கு ரப்பர் வாங்கி மாட்டிவிட்டேன். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கவேண்டும்.